ரூப் பேக்கரும் உங்கள் மகனும்

கேள்வி: மேடம், நாங்கள் ஒகையோவில் கிளீவ்லாந்து பக்கம் பத்து வருஷமாக இருக்கிறோம். மகனுக்கு 13 வயது. பேஸ்பால் டீமில் கேட்ச்சர், பேட்ஸ்மேனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவன். ஏப்ரலில் ஒரு ஆட்டத்தில் அவன், பந்து வீசுகிற பிட்சருக்குத் திருப்பிப் போட்ட பந்து தலைக்கு மேலே போய்விட்டது. மூன்றாவது பேஸில் நின்ற பையன் ஓடி வந்து ரன் எடுத்துவிட்டான். ஆட்டம் தோற்றது. அன்றிலிருந்து பிட்சருக்குப் பந்தைத் திருப்பிப் போட வரவில்லை. தூரத்தில் இருக்கிற இரண்டாவது பேஸுக்கு அம்பு மாதிரி எறிகிறான். எதிரே நிற்கிற பிட்சருக்குப் போடும்போது மட்டும் பந்தைக் கிளவுஸுக்குள் மூன்று, நான்கு தடவை தட்டுகிறான், கை நடுங்குகிறது, பந்து தரையில் குத்துகிறது. தெரிந்தவர் ஒருவர் 'மேஜர் லீக் 2' படத்தைப் பார்க்கச் சொன்னார். அதில் இதே பிரச்சினையோடு ஒரு கேட்ச்சர் வருகிறான். ஏதோ பத்திரிகையில் படித்ததை ஒப்பித்துக்கொண்டே எறிகிறான், சரியாகிவிடுகிறது. குடும்பமாகப் பார்த்தோம். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவன் பாதியில் எழுந்து போய்விட்டான். இப்போது டீம் பையன்கள் அந்தக் கேட்ச்சரின் பெயரைச் சொல்லி 'ரூப்' என்று கூப்பிடுகிறார்கள். படத்தில் வருகிற வைத்தியம் நிஜத்தில் வேலை செய்யுமா? இல்லை, கேட்ச்சராக ஆடுவதையே நிறுத்திவிடலாமா? நான் காலேஜில் விக்கெட் கீப்பர். எவ்வளவோ சொல்லிக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். மிருதங்கமும் கற்றுக்கொள்கிறான், அதில் ஒரு குறையும் இல்லை. பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

"பாதியில் எழுந்து போய்விட்டான்" என்ற இடத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் மேற்கொண்டு படிக்க மனம் வரவில்லை. உங்கள்மேல் தப்பில்லை. அது சிரிப்பதற்காக எடுத்த படம், நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் ஏப்ரலிலிருந்து தினமும் தனக்கு நடப்பது திரையில் நடக்கிறது, அதைப் பார்த்து வீடே சிரிக்கிறது என்றால், பதிமூன்று வயதுப் பையனால் அந்த சோபாவில் உட்கார்ந்திருக்க முடியாது. இன்று இரவே அவனிடம் போய், "அன்றைக்கு நாங்கள் சிரித்திருக்கக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். ஒரே வரி போதும், விளக்கம் வேண்டாம். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

முதலில் அவனுக்குத் தெரிய வேண்டியது, ரூப் பேக்கருக்கு வந்தது கதாசிரியர் கற்பனையில் மட்டும் இருக்கிற பிரச்சினை இல்லை. நியூயார்க் மெட்ஸ் அணியில் மேக்கி சாஸர் என்று ஒரு கேட்ச்சர் இருந்தார். 1990இல், ஓடி வந்து ரன் முடிக்கிற இடமான ஹோம் பிளேட்டில் ஒரு ரன்னர் அவர்மேல் மோதி, காலில் அடிபட்டது. அதன் பிறகு பிட்சருக்குப் பந்தைத் திருப்பிப் போடுவது அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது. உங்கள் மகன் மாதிரியே பந்தைக் கிளவுஸுக்குள் திரும்பத் திரும்பத் தட்டுவார். கூட்டம் அதைச் சத்தமாக எண்ணும். படம் வெளியான 1994இல்கூட அவர் ஆடிக்கொண்டுதான் இருந்தார். ஆட்டத்தை விட்டபின் பல வருடம் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கோச்சாக இருந்தார். இதற்கு 'யிப்ஸ்' என்று பெயர். கோல்ஃப் ஆடுகிறவர்கள் வைத்த பெயர், இப்போது எல்லா விளையாட்டிலும் புழங்குகிறது.

நீங்கள் விக்கெட் கீப்பராக இருந்தவர் என்பதால் ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். நாம் கீப்பராகப் பந்தைப் பிடித்தால் பக்கத்தில் ஸ்லிப்பில் நிற்பவரிடம் போடுவோம். அது கை மாறிக் கை மாறி பௌலரிடம் போய்ச் சேரும். அதற்குள் பந்து 'டெட்' ஆகியிருக்கும், அவசரமே இல்லை. பேஸ்பாலில் அப்படி இல்லை. பேட்ஸ்மேன் அடிக்காத ஒவ்வொரு பந்தையும் கேட்ச்சரே நேராகப் பிட்சருக்கு அனுப்ப வேண்டும், ஒரு ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல்கூட ஆகும். அந்த நேரத்திலும் பந்துக்கு உயிர் இருக்கிறது. கை தவறினால் பேஸில் நிற்கிறவன் ஓடலாம். உங்கள் மகனுக்கு ஏப்ரலில் நடந்தது அதுதான். ஆட்டத்திலேயே மிகச் சுலபமான வேலை, யாரும் பாராட்டாத வேலை, தவறினால் மட்டும் எல்லோரும் பார்க்கிற வேலை. மனம் சிக்கிக்கொள்ள இதைவிட வசதியான இடம் கிடையாது.

இரண்டாவது பேஸுக்கு அம்பு மாதிரி எறிகிறானே என்று கேட்டிருக்கிறீர்கள். பெரியவர்கள் மைதானத்தில் அது சுமார் 127 அடி. பிட்சர் நிற்கிற மேடு 60 அடி 6 அங்குலம், பாதித் தூரம்கூட இல்லை. தூரமாக எறிய முடிகிறவனுக்குப் பக்கத்தில் போட முடியவில்லை என்பது வெளியிலிருந்து பார்த்தால் விசித்திரம். உள்ளே இருந்து பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. ரன்னர் ஓடும்போது எறிய யோசிக்க நேரமில்லை, கை தன் வேலையைச் செய்துவிடுகிறது. பிட்சருக்குப் போடும்போது நேரம் இருக்கிறது. மெதுவாகப் போட வேண்டும், அவன் நெஞ்சுக்கு நேராகப் போட வேண்டும், தலைக்கு மேல் போய்விடக் கூடாது. இத்தனையும் மனம் கைக்குச் சொல்கிறது. வருடக்கணக்காகப் பழகி, தானாக நடக்கிற ஒரு வேலையை மனம் நடுவில் புகுந்து ஒவ்வொரு அசைவாக மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தால் அந்த வேலை கெட்டுப்போகும். மாடிப்படி இறங்கும்போது எந்தக் காலை எப்போது வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள், தடுமாறிவிடுவீர்கள்.

சில வருடங்களுக்கு முன், விளையாட்டு வீரர்களுக்கு மன ஆலோசனை சொல்கிற என்னிடம் ஒரு இடது கைச் சுழற்பந்து வீச்சாளர் வந்தார். பத்தொன்பது வயது. ஓடி வருவார், கை மேலே போகும், பந்து விரலை விட்டு வராது. என் அறையில் ஒரு பழைய டென்னிஸ் பந்தைக் கையில் கொடுத்து, வீட்டைப் பற்றிப் பேசச் சொன்னேன். வீட்டு நாயைப் பற்றிப் பேசிக்கொண்டே பந்தைச் சுவரில் எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார். நாற்பது தடவைக்கு மேல் இருக்கும், ஒன்றுகூடத் தவறவில்லை. "சரி, இப்போது வீசிக் காட்டுங்கள்" என்றேன். அவருடைய கட்டைவிரல் நகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். அவ்வளவு இறுக்கம். பந்து அதேதான், கையும் அதேதான். அதை யாரோ கவனிக்கிறார்கள் என்பது மட்டும்தான் புதிது.

அதனால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். படத்தில் வருவதில் ஒரு உண்மை இருக்கிறது. ஒப்பிப்பது மந்திரம் இல்லை. மேற்பார்வை பார்க்கிற மனத்துக்கு வேறு வேலை கொடுத்து அனுப்பிவிடுவது, அவ்வளவே. கையைத் தன் போக்கில் விட்டால் அது போட்டுவிடும். இதே கொள்கையில்தான் நாங்களும் வேலை செய்கிறோம். ஆனால் சில காட்சிகளில் முடிந்துவிடுகிற கதை இல்லை இது, வாரக்கணக்கில் ஆகும். அதோடு படத்தில் வருகிற அந்தப் பத்திரிகையும் தேவையில்லை.

அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச ஆசைப்படுகிறேன், ஏனென்றால் என் தொழிலில் இருக்கிறவர்கள் பார்க்க வேண்டிய படம் அது என்று உண்மையாகவே நினைக்கிறேன். டேவிட் எஸ். வார்ட் எழுதி இயக்கி 1989இல் வந்த முதல் படம் இதைவிட நல்ல படம், அதில் சந்தேகமில்லை. அதைப் பையனுக்குக் காட்டாமல் இருந்தால் நல்லதுதான், பேச்சு கொஞ்சம் முரடு. இரண்டாவது படத்தை அவரே இயக்கி, குடும்பத்தோடு பார்க்கும்படி மென்மையாக்கினார். விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள். ஆனால் முதல் படத்தில் சார்லி ஷீன் நடித்த பிட்சர் ரிக்கி வான் என்ன ஆனான் என்று யோசித்துப் பாருங்கள். பந்து கன்னாபின்னாவென்று போகும். பார்த்தால், அவனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடி மாட்டினார்கள், பந்து நேராகப் போக ஆரம்பித்தது. இரண்டாவது படத்தில் அதே வான் புகழ் வந்து, கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, பெயரைக் காப்பாற்ற நினைத்து நினைத்தே வேகத்தைத் தொலைத்துவிடுகிறான். இந்தத் தடவை மாட்டிவிட ஒரு கண்ணாடி இல்லை.

வான் மட்டுமில்லை. காலில் வேகம் இருந்த வில்லி மேஸ் ஹேஸ் ஓடுவதை விட்டுவிட்டு சிக்ஸர் மாதிரி ஹோம் ரன் அடிக்க ஆசைப்படுகிறான். பலமாக அடிக்கிற பேட்ஸ்மேன் செரானோ சாந்தமாகி, அடிக்கிற ஆவேசத்தையே இழந்துவிடுகிறான். புதிதாக வந்த ரூப் பேக்கருக்குப் பந்து திருப்பிப் போட வரவில்லை. படம் முழுக்க, நேற்று வரை கையில் இருந்த ஒன்றைத் தொலைத்தவர்கள். ஜெயிக்கத் தெரியாதவர்கள் ஜெயிப்பது முதல் படம். ஜெயித்தவர்களுக்கு ஏன் திடீரென்று எதுவும் வரவில்லை என்பது இரண்டாவது. எடுப்பதற்கு அதுதான் கஷ்டமான கதை, வாழ்க்கையில் என்னிடம் வருகிறவர்கள் அந்தக் கதையோடுதான் வருகிறார்கள்.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. சிரிப்பில் யாரும் கவனிப்பதில்லை. ரூபைச் சரிசெய்வது யார்? டாம் பெரெஞ்சர் நடித்த ஜேக் டெய்லர். அவனும் கேட்ச்சர், முட்டி தேய்ந்து ஆட்டம் முடிகிற நிலையில் இருக்கிறவன். ரூப் வந்ததால் போட்டிக்கு இன்னொரு ஆள் ஆயிற்று. ஆனாலும் அவன் ரூபைத் தள்ளிவிடாமல், அவனுக்கு எது சுலபமாக வருகிறது என்று பார்க்கிறான். தப்பைப் பார்த்துத் திருத்துவதில்லை, தானாக வருவதைக் கண்டுபிடித்து அதோடு இதை முடிச்சுப் போடுகிறான். உங்கள் மகனுக்குத் தேவைப்படுவது ஒப்பிக்கிற வரியைவிட இப்படி ஒரு ஆள். நீங்கள் கேட்ச்சரும் பார்த்தவர், கீப்பிங்கும் ஆடியவர், அப்பாவும்கூட. நீங்கள்தான் அந்த ஆளாக முடியும்.

அதற்கு நீங்கள் ஒன்றை விட வேண்டும். சொல்லிக் கொடுப்பதை நிறுத்துங்கள். "முழங்கையைத் தூக்கு", "தோளைத் திருப்பு", "பயப்படாமல் போடு" என்கிற ஒவ்வொரு வார்த்தையும் அந்த மேற்பார்வைக்காரனுக்கு நீங்கள் கூட்டுகிற சம்பளம். வீடியோ எடுத்துக் காட்டுவதும் வேண்டாம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் ஸ்டீவ் சாக்ஸ் கதையைச் சொல்கிறேன். 1982இல் ஆண்டின் சிறந்த புதுமுகம் என்று விருது வாங்கியவர். மறு வருடமே முதல் பேஸுக்குச் சாதாரணமாகப் போட வேண்டிய பந்தைப் போட முடியாமல் 30 பிழைகள் செய்தார். அப்போது அவருடைய அப்பா, "எனக்கும் இது வந்தது, ஒரு நாள் எழுந்து பார்ப்பாய், போயிருக்கும்" என்று சொன்னாராம். சொன்ன சிறிது நேரத்தில் அப்பா மாரடைப்பில் இறந்துவிட்டார். சாக்ஸுக்கு அது சரியானது. பின்னாட்களில் நல்ல ஃபீல்டர் என்று பெயரும் எடுத்தார். பல வருடம் கழித்துத்தான் அம்மா சொன்னாராம், அப்பாவுக்கு அப்படி ஒரு பிரச்சினை இருந்ததே இல்லை என்று. நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். காலேஜில் நீங்கள் விட்ட கேட்ச் ஒன்று கண்டிப்பாக இருக்கும், இன்றைக்கும் ராத்திரியில் ஞாபகம் வருகிற ஒன்று. அதை அவனிடம் சொல்லுங்கள். எப்படிச் சரிசெய்தீர்கள் என்று சொல்லாதீர்கள், அன்றைக்கு எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியதற்கு வருகிறேன். முதலில் உடம்பு. வானுக்குக் கண் பார்த்தது போல இவனுக்கும் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். தோளையும் முழங்கையையும் விளையாட்டுக் காயம் பார்க்கிற மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வயதில் எலும்பு வளர்கிற இடங்கள் இன்னும் மூடியிருக்காது, அதிகம் எறிகிற பிள்ளைகளுக்கு அங்கே அடிபடுவது சகஜம். டீமில் இடம் போய்விடும் என்று வலியை வெளியே சொல்லாமல் இருப்பார்கள். அப்புறம், எழுதும்போதும் மிருதங்கம் வாசிக்கும்போதும் விரல் இழுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். யிப்ஸில் பயத்தால் வருவது உண்டு, தசைகளுக்குப் போகிற நரம்புக் கட்டளையே குழம்பி வருவதும் உண்டு. இரண்டாவது வகை என்றால் நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். மிருதங்கத்தில் குறையில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு நிம்மதி தருகிறது.

அந்த மிருதங்கம்தான் உங்கள் வீட்டில் இருக்கிற மருந்து. முதல் வாரம் பந்தே வேண்டாம். பிட்சர் பந்து போட்டது போலவும் இவன் பிடித்தது போலவும் வெறுங்கையால், வாயால் 'த-க-தி-மி' சொல்லிக்கொண்டு செய்யட்டும். 'த'வில் பிடிப்பது, 'க'வில் கிளவுஸிலிருந்து கைக்கு மாற்றுவது, 'தி'யில் ஒரு காலடி, 'மி'யில் விடுவது. பந்தைத் தட்டுகிற பழக்கத்துக்கு இதில் இடமே இல்லை, ஒரு அட்சரம்கூடக் காலியாக இல்லை. சொல்கட்டு வருடக்கணக்காக அவன் உடம்பில் ஊறியிருக்கிறது, யோசிக்காமல் வரும். அடுத்த வாரம் வலையில் எறியட்டும், எதிரே ஆள் வேண்டாம். பந்து எங்கே போகிறது என்று நீங்களும் பார்க்காதீர்கள், அவனும் பார்க்க வேண்டாம், தாளம் தப்பாமல் போகிறதா என்பது மட்டும்தான் கணக்கு. அதன் பிறகு இருபது அடியில் நீங்கள் நில்லுங்கள். பிறகு அவனுக்கு நெருக்கமான ஒரு பிட்சர் பையன். கடைசியாகத்தான் மைதானம், அதிலும் பேஸில் யாரும் இல்லாத நேரத்தில் முதலில். நடுவில் ஒரு நாள் எல்லாம் கெட்டுப்போகும். அன்றைக்கு ஒரு படி கீழே இறங்கிவிடுங்கள், பேச்சில்லாமல். சில வாரம் கழித்து 'தகதிமி'யும் பழகிப்போய், அதையும் அவன் மேற்பார்வை பார்க்க ஆரம்பிக்கலாம். அப்போது 'தகதகிட'வுக்கு மாற்றிக்கொள்ளட்டும்.

கோச்சிடம் தனியாகப் பேசுங்கள். 'ரூப்' என்கிற பெயர் அவர் வாயாலேயே நிற்க வேண்டும், நீங்களோ உங்கள் மகனோ சொன்னால் இன்னும் கூடும். பேஸில் ஆள் இல்லாதபோது கேட்ச்சர் பந்தை மூன்றாவது பேஸில் நிற்பவனிடம் போட்டு, அவன் பிட்சருக்குக் கொடுக்கலாம். விதியில் தடை இல்லை, சில வாரத்துக்கு அதை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ஜான் லெஸ்டர் என்று ஒரு பிட்சர் இருந்தார். அவருக்கு முதல் பேஸுக்குப் பந்து போட வரவில்லை, அது எதிரணிகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தரையில் குத்தி எழும்படி போடுவார், மற்றதைக் கேட்ச்சர் பார்த்துக்கொள்வார். அவரை வைத்துக்கொண்டுதான் சிகாகோ கப்ஸ் 2016இல், பேஸ்பால் சீசனின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றது. சுற்றி வழி போடுவது கோழைத்தனம் இல்லை.

கேட்ச்சராக ஆடுவதை நிறுத்தலாமா என்பதை நீங்களோ நானோ முடிவு செய்யக் கூடாது. அவனைக் கேளுங்கள், ஆனால் தோற்ற நாளில் கேட்காதீர்கள். பிட்ஸ்பர்க் அணியின் பிட்சர் ஸ்டீவ் பிளாஸ் 1971 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தை வென்று கொடுத்தவர். 1973இல் பந்தை நேராகப் போட முடியாமல் போனது, திரும்பி வரவே இல்லை. அவர் பிறகு வர்ணனையாளராகி, அதே அணியோடு பல வருடம் இருந்தார். பிட்சர் ரிக் ஆங்கீல் 2000 அக்டோபரில், 21 வயதில், ஒரே இன்னிங்ஸில் ஐந்து பந்துகளைக் கேட்ச்சர் பிடிக்க முடியாத இடத்துக்கு வீசினார். 2007இல் பேட்ஸ்மேனாக, மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்கிற அவுட்ஃபீல்டராகத் திரும்பி வந்தார், வந்த முதல் ஆட்டத்திலேயே ஹோம் ரன். இடம் மாறுவது என்று முடிவானால் அது அவன் எடுத்த முடிவாக இருக்க வேண்டும், துரத்தப்பட்டதாக இருக்கக் கூடாது.

நீங்கள் இருக்கிற ஊரின் அணி என்பதால் அவனுக்கு ஒரு தகவல். அந்தப் படத்தில் கிளீவ்லாந்து மோதுவது சிகாகோ வைட் சாக்ஸோடு. படம் வந்த அதே 1994இல், நிஜக் கிளீவ்லாந்து அணி தன் பிரிவில் வைட் சாக்ஸுக்கு ஒரே ஒரு ஆட்டம் பின்தங்கி இருந்தபோது ஆகஸ்டில் வீரர்கள் வேலைநிறுத்தம் வந்து சீசனே நின்றுபோனது. அடுத்த வருடம், 1954க்குப் பிறகு முதல் முறையாக, லீக் பட்டத்தை வென்றார்கள். அவன் அறையில் ஒட்ட ஒரு படம் தேடினால் 1995 அணியின் படமாக இருக்கட்டும்.

கண், தோள் பற்றி மருத்துவர் என்ன சொன்னார் என்பதை உடனே எழுதுங்கள். வலி இருக்கிறது என்றால் மேலே சொன்ன எதையும் ஆரம்பிக்க வேண்டாம். இல்லை என்றால் ஆறு வாரம் கழித்து எழுதுங்கள். எத்தனை பந்து சரியாகப் போனது என்ற கணக்கு எனக்கு வேண்டாம். கிளவுஸில் தட்டுவது நின்றதா என்பதை மட்டும் எழுதுங்கள்.